நொச்சியேரியில் நான் தெளித்த மருந்து

அனுப்புநர்:
வே. எப்சி (வயது 29),
த/பெ. வேதசிரோமணி,
14, இரண்டாவது குறுக்குத் தெரு,
சிட்லபாக்கம், சென்னை – 600 064.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
தாம்பரம்.

பொருள்: கோவிலம்பாக்கத்தை அடுத்த நொச்சியேரியில் 18.02.2025 அன்று ட்ரோன் மூலம் களைக்கொல்லி தெளிக்கப்பட்டபோது மருந்து மேலே பட்டு, 01.03.2025 அன்று இறந்துபோன திரு. அந்தோணிசாமி (வயது 54) அவர்களின் மரணம், விஷம் அருந்தியதால் நேர்ந்தது என்று பதிவாகியிருப்பதைத் திருத்தக் கோருதல் – அந்த ட்ரோனை இயக்கியவர் அளிக்கும் வாக்குமூலம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை எழுதும் நான் பாதிக்கப்பட்டவள் அல்ல. பாதிப்புக்குக் காரணமானவர்களில் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்வருவதைத் தாங்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்பது தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

2. நான் இயற்பியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவள். 2023ஆம் ஆண்டு விவசாய ட்ரோன் இயக்கும் பயிற்சி முடித்து உரிமம் பெற்றேன். அதன் பிறகு வான்துளி ஏரோ சர்வீசஸ் என்னும் தனியார் நிறுவனத்தில் ட்ரோன் இயக்குநராகச் சேர்ந்து, மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் நெல் வயல்களுக்கு மருந்து தெளித்து வந்தேன். ஒரு தவறும் நடந்ததில்லை. வயல்காரர்கள் என் பெயரைக் கேட்டு அழைப்பார்கள்.

3. கடந்த ஜனவரி மாதம் எங்கள் நிறுவனத்துக்கு நொச்சியேரியில் ஆகாயத்தாமரையை அழிக்கும் வேலை ஒப்பந்தமாகக் கிடைத்தது. ஏரியின் பரப்பு சுமார் அறுபது ஏக்கர். அதில் நாற்பது ஏக்கருக்கு மேல் தண்ணீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடியிருந்தது. அதுவரை ஆண்டுதோறும் பொக்லைன் இயந்திரத்தாலும் கூலியாட்களாலும் அதை வாரிக் கரையில் போட்டிருக்கிறார்கள். மழைக்குப் பின் மறுபடியும் மூடியிருக்கிறது. கொசுவும் நாற்றமும் தாங்காமல் சுற்றியுள்ள குடியிருப்பு மக்கள் பல மனுக்கள் கொடுத்திருந்தார்கள். ட்ரோன் வந்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சிதான். முதல் நாள் ஒரு அம்மா எங்களுக்கு ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

4. வேலை ஆணையில் குறிப்பிட்டிருந்த மருந்து வேறு. களத்துக்கு வந்து இறங்கியது பாராகுவாட் என்னும் கடுமையான களைக்கொல்லி. இதை நான் முதல் நாளே கவனித்தேன். எங்கள் கள மேற்பார்வையாளர் திரு. குப்புராஜ் அவர்களிடம் கேட்டேன். "ஆர்டர்ல இருக்கறது அடிச்சா கருகறதுக்கு ரெண்டு வாரம் ஆகும்மா. வெள்ளிக்கிழமை மேல இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வராங்க. ஏரி பழுப்பா தெரியணும். இது அடிச்சா மறுநாளே தெரிஞ்சிடும்" என்றார். கேனின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், இந்த மருந்து உள்ளே போனால் முறிவு மருந்து கிடையாது என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டு கையுறையை மாட்டிக்கொண்டு கலந்தேன்.

5. தொழில் விவரம் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதுகில் மாட்டும் தெளிப்பானால் ஓர் ஏக்கருக்கு அடிக்கும்போது, மருந்தை இருநூறு லிட்டர் தண்ணீரில் கலப்பார்கள். ட்ரோனின் தொட்டி பத்து லிட்டர்தான். ஏக்கருக்கான அதே அளவு மருந்தை அந்தப் பத்து லிட்டரில் கலக்கிறோம். ஆகவே ட்ரோனிலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் இருபது மடங்கு கடுமையானது. இதனால்தான் தெளிக்கும் இடத்தில் ஆள் நடமாட்டம் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

6. விதிப்படி முந்தைய நாளே கரையைச் சுற்றி ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்க வேண்டும். அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். பறக்கும்போது என்னைத் தவிர இன்னொருவர் கரையில் நின்று கண்காணிக்க வேண்டும். ஒலிபெருக்கி வரவில்லை. அறிவிப்பு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டதாகப் பின்னர் சொன்னார்கள். ஏரிக்கரையில் எதுவும் ஒட்டப்படவில்லை. கண்காணிக்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். "நானே பாத்துக்கறேன்" என்று குப்புராஜ் சொன்னார். பறப்பதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'தெளிக்கும் பரப்பில் ஆட்கள் இல்லை' என்றொரு வரி உண்டு. ஏரியின் மறுகோடி நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது. போய்ப் பார்க்காமலேயே அதில் டிக் அடித்துக் கையெழுத்திட்டேன். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் காலை ஆறரை முதல் எட்டரை வரைதான் எங்களுக்குப் பறக்க அனுமதி. ஏரியைச் சுற்றி வந்தால் அரை மணி நேரம் போய்விடும். அந்த அரை மணி நேரத்தைத்தான் மிச்சம் பிடித்தேன்.

7. திரு. அந்தோணிசாமி அந்த ஏரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மீன் பிடித்தவர். பெரிய தெர்மாகோல் பலகையின் மேல் பழைய ஃபிளெக்ஸைச் சுற்றிக் கட்டி, அதில் உட்கார்ந்து, ஆகாயத்தாமரைக்கு நடுவே திறந்திருக்கும் தண்ணீரில் வலை போடுவார். முந்தைய ஆண்டுகளில் களை வாரிய கூலியாட்களிலும் அவர் ஒருவர். 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் வருவதற்கு முன்பே அவர் ஏரிக்குள் போயிருக்கிறார். பனிக்காக ஒரு காய்ந்த சாக்கைத் தலையிலும் முதுகிலும் போர்த்தியிருந்தார். பிறகு அது நனைந்தது மருந்தால்.

8. அன்று ஆறாவது சுற்று. 7 மணி 42 நிமிடம் 16ஆவது விநாடியில் ட்ரோனை நிறுத்தினேன். ரிமோட்டின் திரையில், இலைகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. அசைந்த மாதிரியும் இருந்தது. "சார், ஏதோ இருக்கு" என்றேன். குப்புராஜ் குனிந்து பார்த்தார். வெயில் திரையில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். "எருமைம்மா. இந்த ஏரியில எருமை எறங்கிப் படுத்துக்கும். ஓட்டு, டைம் ஆவுது" என்றார். எருமை என்றால் கொம்பு எங்கே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை. 7.42.50க்கு மறுபடியும் இயக்கினேன். இந்த முப்பத்து நான்கு விநாடிகளும் ட்ரோனின் பதிவில் உள்ளன. நான் சந்தேகப்பட்டேன் என்பதற்கும், சந்தேகப்பட்ட பின் தொடர்ந்தேன் என்பதற்கும் அதுவே சான்று.

9. ட்ரோன் நேராகப் போய், நான்கு மீட்டர் தள்ளித் திரும்பி வரும். போகும்போது ஒருமுறை அவர்மேல் தெளித்தது. திரும்பி வரும்போது ஒரு கை மேலே எழுந்ததைத் திரையில் பார்த்தேன். அதற்குள் அடுத்த தெளிப்பும் விழுந்துவிட்டது. சாக்கை விலக்கிவிட்டு, முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து அவர் கத்திக்கொண்டிருந்தார். இறக்கைச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. 7.44.05க்கு நிறுத்தித் திருப்பினேன்.

10. அடுத்து நடந்ததை எழுதுவதற்காகவே இந்த மனுவை மூன்று முறை கிழித்துப் போட்டு எழுதியிருக்கிறேன். ஆகாயத்தாமரைக்குள் போனவர் நினைத்தவுடன் வெளியே வர முடியாது. பலகை வந்த வழி பின்னாலேயே மூடிக்கொள்ளும். எதிர்க்கரையில் இருந்த அவருடைய கூட்டாளி திரு. கதிரேசன் இன்னொரு பலகையில் இறங்கி, செடியைக் கையால் விலக்கி விலக்கி அவரை நோக்கிப் போனார். அந்த நேரத்தில் குப்புராஜ் என்னிடம், "அவங்க வந்துடுவாங்க. கிழக்குப் பக்கம் ரெண்டு ரவுண்டு மிச்சம் இருக்கு, எட்டரைக்குள்ள முடிச்சிடு" என்றார். நான் பேட்டரி மாற்றி, தொட்டியை நிரப்பி, ஏழாவது சுற்றும் எட்டாவது சுற்றும் பறக்கவிட்டேன். ஒரு மனிதரை விஷத்துக்குள்ளிருந்து இழுத்து வந்துகொண்டிருந்த அதே ஏரியில், அதே நேரத்தில். யாரும் என் கையைப் பிடித்துக் கட்டாயப்படுத்தவில்லை.

11. எட்டே முக்கால் மணிக்கு அவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. கையிலும் காலிலும் செடியும் வலையும் அறுத்த பழைய புண்கள் இருந்தன. கண்ணெரிச்சல் தாங்காமல் வரும் வழியெல்லாம் ஏரித் தண்ணீரையே அள்ளி முகம் கழுவியிருக்கிறார். அந்தத் தண்ணீரிலும் மருந்துதான். அவர் எங்களைத் திட்டவில்லை. என் பாட்டிலை நீட்டினேன். வாங்கி வாய் கொப்பளித்துவிட்டு, "வாய்க்குள்ள பூட்ச்சும்மா. எரியுது. இன்னா மருந்து அது?" என்று கேட்டார்.

குப்புராஜ் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்லண்ணே, பாசி மருந்துதான். சோப்பு போட்டுக் குளிச்சா போயிடும்" என்றார்.

அந்தோணிசாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்டியாம்மா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

12. அன்று அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் நாக்கும் தொண்டையும் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. 20ஆம் தேதி வியாழக்கிழமை வாந்தி எடுத்து, சிறுநீரும் நின்றுபோகவே, மனைவி திருமதி. தனம் அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தார். வாயில் இருந்த புண்ணைப் பார்த்தவர்கள் எதைக் குடித்தார் என்று கேட்டார்கள். அவர்கள் அப்படிக் கேட்டதில் குறை சொல்ல முடியாது. அந்தப் புண் குடித்தவர் வாயில் வருகிற புண்தான். ஏரியில் பாசி மருந்து மேலே பட்டது என்று தனம் சொல்லியிருக்கிறார். பாசி மருந்துக்கு இப்படி ஆகாதே என்று அவர்களுக்குச் சந்தேகம். விபத்துப் பதிவேட்டில் 'விஷம் அருந்தியதாகச் சந்தேகம்' என்று எழுதப்பட்டது.

13. 21ஆம் தேதி காலை கதிரேசன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கரையில் நானே அவருக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, ஆஸ்பத்திரில மருந்து பேரு கேக்கறாங்கோ. பேரு மட்டும் சொன்னா போதும்." ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த பெயரைத் தெரிந்துகொள்ள நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் குப்புராஜிடம் கேட்டேன். "இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன். பேரைச் சொன்னா, ஆர்டர்ல இல்லாத மருந்து எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. உன் லைசென்ஸும் போவும், கையெழுத்துப் போட்டது நீ. ரெண்டு நாள் பொறு, சரியாயிடுவாரு" என்றார். நான் கதிரேசனை மறுபடி அழைக்கவில்லை. அவர் அன்று மாலைக்குள் ஐந்து முறை அழைத்தார். சனிக்கிழமை இரண்டு முறை. அதன் பிறகு அழைக்கவில்லை.

14. அதே வெள்ளிக்கிழமை குப்புராஜ் மருத்துவமனைக்குப் போய், தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு, அந்தோணிசாமிக்குக் குடிப்பழக்கம் உண்டென்றும் வீட்டில் சண்டை என்றும் அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதை அவரே என்னிடம் பின்னர் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, ஒரு வேலையை முடித்த மாதிரி சொன்னார். காவல் நிலையத்துக்குப் போன தகவல் இந்த வடிவத்தில்தான் போயிருக்கிறது.

15. 25ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, கேனில் இருந்த சீட்டின் புகைப்படத்தோடு நான் மருத்துவமனைக்குப் போனேன். அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். திடீரென்று தைரியம் வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை சாப்பிட முடியவில்லை. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவுதான்.

பணியில் இருந்த மருத்துவர் ஒரு பெண்மணி. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். உடனே வார்டுக்குப் போய் ஒரு செவிலியரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, "வியாழக்கிழமை இத கொண்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. இந்த மருந்து உடம்பில் ஏறியவருக்கு ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும் என்றும், மூச்சுத் திணறுகிறதே என்று சனிக்கிழமை முதல் அவருக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள் என்றும் விளக்கினார். முதல் நாளே பெயர் தெரிந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை.

16. அன்று அவரைப் பார்த்தேன். இந்த மருந்து மூளையைத் தொடுவதில்லை. கடைசி வரைக்கும் நினைவு இருக்கும். என்னை அடையாளம் கண்டுகொண்டார். மூன்று நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். பக்கத்தில் நின்ற தனம் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு எனக்குத் திருப்பிச் சொன்னார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் குடிக்கலம்மா. இங்க எல்லாரும் குடிச்சேன்றாங்கோ. நீ பாத்த இல்ல? நீ சொல்லு."

மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அதைச் சிகிச்சைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். ஆனால் விபத்துப் பதிவேட்டையும் காவல் நிலையத் தகவலையும் மாற்ற வேண்டுமானால் விசாரணை நடக்க வேண்டும் என்றார்.

17. மார்ச் 1ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்தோணிசாமி இறந்தார். மறுநாள் அடக்கம் நடந்தது. நான் கல்லறைத் தோட்டத்தின் வெளியே நின்றேன். உள்ளே போகும் ஒரு பெண்மணி இன்னொருவரிடம், "தவக்காலம் பொறக்கறதுக்குள்ள இப்டி பண்ணிக்கினாரே மனுசன்" என்று சொல்லிக்கொண்டு போனார். நாற்பது வருடம் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர் அந்தோணிசாமி என்று பின்னால் கதிரேசன் சொன்னார். அந்தப் பெண்மணி கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. மருத்துவமனைத் தாளில் எழுதியிருந்ததைத்தான் சொன்னார்.

18. மார்ச் 3ஆம் தேதி காவல் நிலையத்துக்குப் போய் எழுத்துமூலம் கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டு, "போஸ்ட்மார்ட்டத்துல விஷம்னு வந்திருக்கு. விஷம்னா விஷம்தான். கல்யாண வயசுல நீ எதுக்கும்மா கேஸைத் தேடி வர?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விஷம் என்பது சரி. அது எந்த வழியாக உள்ளே போனது என்பதுதானே கேள்வி என்றேன். ரசீதுகூடத் தரவில்லை.

19. மார்ச் 5ஆம் தேதி நிறுவனம் என்னை வேலையிலிருந்து நீக்கியது. அந்தக் கடிதத்தில், பிப்ரவரி 18ஆம் தேதி பலத்த காற்று காரணமாக நொச்சியேரியில் எந்தப் பணியும் நடக்கவில்லை என்றும், அன்று நான் ட்ரோனைப் பறக்கவிட்டிருந்தால் அது நிறுவனத்தின் அனுமதியின்றி நடந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். பணிப் பதிவேட்டிலும் அந்தத் தேதிக்கு நேராகக் 'காற்று – பணி இல்லை' என்று இப்போது இருக்கிறது. அன்று காற்றே இல்லை. ரிமோட்டில் இருந்த எட்டுச் சுற்றுகளின் பதிவையும் ஆறாவது சுற்றின் காணொளியையும் நான் பிப்ரவரி 24ஆம் தேதியே நகல் எடுத்துவிட்டேன். அதை ஒப்படைக்கச் சொல்லி இதுவரை நான்கு முறை அழைத்திருக்கிறார்கள். கடைசி அழைப்பில் என் தந்தையைப் பற்றியும் விசாரித்தார்கள்.

20. என் தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனு எழுத வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். மகள் சிறைக்குப் போவாள் என்று பயந்தார். மூன்றாம் நாள் காலை, கணவரை இழந்த அந்த அம்மாவை முதலில் போய்ப் பார், அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய் என்றார்.

21. மார்ச் 16ஆம் தேதி நான் தனம் அவர்களின் வீட்டுக்குப் போனேன். ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் பக்கம் உள்ள ஒற்றை அறை வீடு. மேலே எழுதியுள்ள அனைத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்: முப்பத்து நான்கு விநாடி, ஏழாவது எட்டாவது சுற்று, நான் தலையாட்டியது, கதிரேசனின் அழைப்புகளை எடுக்காதது. அவர் அழவில்லை. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார், நான் பேசி முடிக்கும்வரை உரித்துக்கொண்டே இருந்தார். தலையாட்டியதைச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

"அவுரு உன்ன நம்பினாரு. தெரிமா?" என்றார். "ஊட்டுக்கு வந்து சொன்னாரு. அந்தப் பொண்ணு சொல்லிச்சு, ஒண்ணும் ஆவாதுன்னு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்னு அன்னிக்கே சொன்னேன். வோணாம், படிச்ச பொண்ணு, அது பொய் சொல்லாதுன்னாரு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "என்கையில சொல்லி இன்னா ஆவப் போவுது? எனுக்குத் தெரியும் அவுரு குடிக்கலன்னு. தெரியாதவங்களுக்குச் சொல்லு. எழுதிக் குடு. உன் பேரு போட்டுக் குடு."

ஐயா, நான் இந்த மனுவை எழுதுவது அவர் சொன்னதால்தான். என் மனசாட்சியை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

22. ஏரியின் இன்றைய நிலையையும் தெரிவிக்க வேண்டும். பிப்ரவரி 21ஆம் தேதி ஆய்வுக்கு வந்தவர்கள் கரையில் நின்று பார்த்து, திருப்தி தெரிவித்துச் சென்றார்கள். இலைகள் கருகியிருந்தன. கருகியவற்றை யாரும் வாரவில்லை. அவை அழுகித் தண்ணீருக்குள் மூழ்கின. மார்ச் முதல் வாரத்தில் ஜிலேபி மீனும் கெண்டையும் செத்து மிதந்தன; கதிரேசன் உட்பட ஏழு பேர் பிடிக்க மீனின்றிக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். நேற்று நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கறுப்புச் சேற்றின் மேல் புதிதாகப் பச்சை இலைகள் விரியத் தொடங்கியிருந்தன. இதனால் இரண்டாம் கட்டத் தெளிப்பு ஏப்ரல் 2ஆம் தேதி தொடங்கும் என்று அறிகிறேன். எனக்குப் பதிலாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. ஏரியில் ஆள் இருந்தால் திரையில் எப்படித் தெரியும் என்று அவர் என்னை அழைத்துக் கேட்டார். சாக்கு மாதிரித் தெரியும், எருமை மாதிரித் தெரியும், எதுவாகத் தெரிந்தாலும் நிறுத்திவிடு என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு மேலே குப்புராஜ்தான் இருக்கிறார்.

23. ட்ரோனே கூடாது என்று நான் கேட்கவில்லை. வயலில் ஆட்கள் முதுகில் விஷத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். மனிதர் இறங்கிப் பிழைக்கும் தண்ணீரில், எந்த மருந்து என்று சொல்லாமல், யாரும் இருக்கிறார்களா என்று பார்க்காமல் தெளிப்பதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

24. ஆகவே தாங்கள் செய்தருள வேண்டியவை:

அ) ஏப்ரல் 2ஆம் தேதித் தெளிப்பை உடனே நிறுத்தி வைக்க வேண்டும். மற்றவை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது.

ஆ) நிறுவனத்தின் கிடங்கில் உள்ள கேன்களையும் பணிப் பதிவேட்டையும், அவை மாறுவதற்கு முன் கைப்பற்ற வேண்டும்.

இ) மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பை வரவழைத்து, கதிரேசனையும் அந்த மருத்துவரையும் குப்புராஜையும் என்னையும் விசாரிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை என் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். என்மேல் வழக்குப் பதிவானால் முன்ஜாமீன் கோர மாட்டேன்.

ஈ) திருமதி. தனம் அவர்களுக்கு விபத்து மரணத்துக்குரிய நிவாரணம் கிடைக்கச் செய்ய வேண்டும். இதை அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

உ) அனைத்துக்கும் மேலாக, திரு. அந்தோணிசாமி அவர்களின் பதிவுகளில் 'அருந்தினார்' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அந்தச் சொல்லை நீக்கி, 'அவர்மேல் தெளிக்கப்பட்டது' என்று எழுத வேண்டும். தெளித்தவர் யார் என்று ஒரு கட்டம் இருக்குமானால், அதை வெறுமையாக விடாமல் என் பெயரை எழுத வேண்டும்.

இணைப்புகள்: எட்டுச் சுற்றுகளின் பறப்புப் பதிவு, ஆறாவது சுற்றின் காணொளி (நினைவு அட்டை), கேன் சீட்டின் புகைப்படம், நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகல், பணிநீக்கக் கடிதம்.

இதன் ஒரு நகலைத் திருமதி. தனம் அவர்களிடம் இன்று காலை கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கதிரேசன் படித்துக் காட்டினார். முழுவதையும் கேட்டுவிட்டு, தன் கணவரின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். கணவரின் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு, "சரி, போயி குடு" என்றார். கொடுக்கிறேன்.

இடம்: தாம்பரம்
நாள்: 24.03.2025

இதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கும்,

(கையொப்பம்)
வே. எப்சி